லீவர் வைத்த பழைய 5 அங்குல வைஸ், பாதியில் இறுகிக் கிடக்கிறது: வாங்கலாமா? எப்படிப் பிரிப்பது?

துருவேட்டை

வணக்கம். பழைய பெஞ்ச் வைஸ் (மேசையில் மாட்டிப் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தாடை அகலம் 5 அங்குலம். தனியாளாகத் தூக்கலாம், ஆனால் முனகாமல் முடியாது. கைப்பிடிக்குப் பின்னால் சின்ன லீவர் ஒன்று இருக்கிறது, குயிக் ரிலீஸ் வகை (திருகைச் சுற்றாமலேயே தாடையை நேராக இழுக்க விடுவது) என்று நினைக்கிறேன். அது அசையவில்லை. தாடை இரண்டு அங்குலம் திறந்த நிலையில் அப்படியே நிற்கிறது, திருகும் சுற்றவில்லை. அசையாத் தாடையில் தகடு இல்லை. தகடு இருந்த இரண்டு துளைகளில் ஒன்றில் ஸ்குரு உடைந்து உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. மேலே நாலைந்து கோட் பெயின்ட். அதற்கடியில் ஏதோ எழுத்து புடைத்துத் தெரிகிறது, படிக்க முடியவில்லை. ஓரிடத்தில் பெயின்ட் உதிர்ந்து, மஞ்சளாக ஒரு கோடு தெரிகிறது.

விற்பவர் கேட்பது, இதே அளவில் சாதாரணப் புது வைஸ் ஒன்றின் விலையில் பாதி. வாங்கலாமா? வாங்கினால் எங்கிருந்து தொடங்குவது?

பழைய_இரும்பு

அந்த மஞ்சள் கோடு பிரேசிங். உடைந்ததைப் பித்தளைக் கம்பி உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

வைஸை இறுக்கும்போது திருகு கீழே இழுக்கிறது, பிடித்த பொருள் மேலே இரண்டு தாடைகளையும் வெளியே தள்ளுகிறது. ஆக முழு பாரமும் தாடை உடம்போடு சேரும் அடிமூலையில், அதுவும் உள்பக்க மூலையில் இழுவிசையாக விழும். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அந்த இரண்டு மூலைகளிலோ, சறுக்குக்கட்டை (அசையும் தாடையோடு சேர்ந்து ஓடும் நீளமான கட்டை) உடம்புக்குள் நுழையும் வாயிலோ பிரேசிங் இருந்தால் விட்டுவிடுங்கள். உதிரிபாகத்துக்கு வேண்டுமானால் பழைய இரும்பு எடை விலைக்குக் கேட்கலாம். பின்பக்கப் பட்டறை மேடையின் (சுத்தியலால் அடிப்பதற்கென்று வைஸின் பின்னால் இருக்கும் தட்டையான இடம்) மூலை, அடித்தட்டின் போல்ட் காது போன்ற இடங்களில் இருந்தால் கவலை இல்லை, விலையைக் குறைக்க ஒரு காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட்டுக்கு அடியில் வேறு விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி: சந்தேகப்படும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தேயுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் திரும்ப ஊறி, வெள்ளைப் பொடியில் கறுப்பாக ஒரு கோடு விழும். தட்டிப் பார்க்கும் சோதனையும் உண்டு. சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல வார்ப்பு கொஞ்சமாவது கணீரென்று ஒலிக்கும், வெடித்தது சொத்தென்று இருக்கும். ஆனால் உங்களுடையது துருவில் ஒன்றோடொன்று பிடித்துக் கிடப்பதால் முழு வைஸும் சொத்தென்றுதான் கேட்கும். சாக்பீஸை நம்புங்கள்.

அடுத்தது திருகு. தாடை திறந்திருப்பது நல்லது, உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கலாம். எப்போதும் வேலை செய்யும் நடுப்பகுதி மரையின் பல்லையும், யாரும் தொடாத வால்பகுதிப் பல்லையும் ஒப்பிடுங்கள். நடுவில் பல் கத்தி முனைபோல் மெலிந்திருந்தால் புதுத் திருகு வெட்ட வேண்டும், அது லேத் வேலை. கொஞ்சம் உருண்டிருந்தால் பரவாயில்லை.

கைப்பிடி வளைந்திருக்கிறதா? குழாய் மாட்டி இறுக்கியதன் அடையாளம் அது. வளைந்த கைப்பிடி என்றாலே அடிமூலைகளை இரண்டு தடவை பாருங்கள்.

தகடு இல்லாதது, ஸ்குரு உடைந்தது, பெயின்ட், துரு, லீவர் அசையாதது, இவையெல்லாம் பயமுறுத்தும், ஆனால் சரிசெய்யலாம். வார்ப்பு, திருகு, நட் மூன்றும் நன்றாக இருந்தால் வாங்குங்கள். நட் மட்டும் பிரித்தால்தான் தெரியும்.

காலங்குலம்

மேலே சொன்னதோடு இன்னொன்று. இந்த வைஸ் இங்கிலாந்து வார்ப்பாக இருந்தால் துளை மரை விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அங்குல மரை) ஆக இருக்க வாய்ப்பு அதிகம். தகடு ஸ்குருவுக்கு வழக்கமாக 1/4 அல்லது 5/16 அங்குலம். 5/16 துளையில் எம்8 (8 மி.மீ. மெட்ரிக்) ஸ்குருவைப் போட்டால் முதல் இரண்டு சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும். ஏனென்றால் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான் (7.94 மி.மீ.க்கு 8), ஆனால் விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 18 மரை, எம்8-இல் 20 சொச்சம். "துரு பிடித்திருக்கிறது போல" என்று நினைத்து ஸ்பேனரை அழுத்தினால் வார்ப்பின் மரை பொடிப்பொடியாக வந்துவிடும்.

அமெரிக்க அங்குல மரையான யுஎன்சி ஸ்குரு கிடைத்தால் 1/4-லும் 5/16-லும் ஓடும். அங்குலத்துக்கு மரை எண்ணிக்கை ஒன்றே (20, 18), கோணம்தான் 55க்கு 60 டிகிரி. தகடு பிடிக்க அது போதும். 1/2 அங்குலத்தில் மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள், அங்கே விட்வொர்த் 12, யுஎன்சி 13.

உடைந்த ஸ்குருவை வைஸ் கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். விற்பவர் முன்னால் எதையும் அடிக்காதீர்கள்.

துருவேட்டை

சாக்பீஸ் சோதனை செய்தேன். பிரேசிங் பின்பக்கப் பட்டறை மேடையின் மூலையில்தான், தாடை அடியில் கோடு எதுவும் வரவில்லை. திருகு நடுவில் லேசாகத் தேய்ந்திருக்கிறது, கத்தி முனை இல்லை. பேசி வாங்கிவிட்டேன். பெயின்ட்டைச் சுரண்டியதில் 'ரெக்கார்டு', 'இங்கிலாந்து' என்று வருகிறது. இப்போது எப்படித் திறப்பது? லீவரைச் சுத்தியலால் தட்டலாமா?

பழைய_இரும்பு

லீவரைத் தட்டவே தட்டாதீர்கள். அந்த லீவர் திருகுக்கு இணையாகப் போகும் ஒல்லியான தண்டு ஒன்றைச் சுழற்றும். தண்டு சுழன்றால், திருகைக் கீழிருந்து பிடிக்கும் பாதி வட்ட நட் மரையை விட்டுக் கீழே இறங்கும். லீவரை விட்டால் ஸ்பிரிங் நட்டை மறுபடி மேலே தள்ளும். நட் துருவில் பிடித்திருக்கும்போது லீவரை அடித்தால் தண்டு முறுக்கும், இல்லையென்றால் லீவரைப் பிடித்திருக்கும் பின் அறுபடும். இரண்டுமே தேவையில்லாத வேலை.

ரெக்கார்டு என்பது ஷெஃபீல்டு நகரின் சி அண்டு ஜே ஹாம்ப்டன் கம்பெனியின் பெயர். உதிரிபாகம் தேடுவது ஒப்பீட்டளவில் சுலபம்.

முதலில் எண்ணெய். ஊடுருவும் எண்ணெய் டப்பாவில் வருவது போதும். அசிட்டோனும் ஆட்டோமேடிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்தும் போடலாம், சேராமல் பிரியும் என்பதால் ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். அசிட்டோன் பட்டென்று தீப்பிடிக்கும், அதைப் போட்ட நாளில் நெருப்புப் பக்கம் போகக் கூடாது. வைஸை மூக்கு (கைப்பிடிப் பக்கம்) மேலே பார்க்க நிமிர்த்தி வைத்து, திருகைச் சுற்றியும் சறுக்குக்கட்டையின் நாலு பக்கமும் விடுங்கள். மறுநாள் மூக்கு கீழே பார்க்கத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து விடுங்கள். மூன்று நாள் இப்படி மாறி மாறி. ஒரே மணி நேரத்தில் திறக்கப் பார்ப்பவர்கள்தான் கைப்பிடியை வளைக்கிறார்கள்.

பிறகு கைப்பிடியைத் திறக்கும் திசையில் மட்டும் அழுத்தாமல், மூடும் திசையில் ஒரு நூலளவு, திறக்கும் திசையில் ஒரு நூலளவு என்று ஆட்டுங்கள். அசைவு கிடைத்தால் எண்ணெய் உள்ளே இறங்கும். அசையும் தாடையின் முன்பக்கத்தில் மரக்கட்டை வைத்து ஒரு கிலோ சுத்தியலால் மிதமாகத் தட்டினால் துருவின் பிடி விடும். தாடையின் மேல்நுனியில் தட்டாதீர்கள், திருகின் உயரத்தில், நடுவில் தட்டுங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் சூடு. கேஸ் டார்ச்சை ஓரிடத்தில் காட்டினால் வார்ப்பு வெடிக்கும். அசிட்டோன் எல்லாம் ஆவியான பிறகு, கொதிக்கும் நீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள், அல்லது ஹீட் கன்னை (சூடான காற்று ஊதும் கருவி) நகர்த்திக்கொண்டே காட்டுங்கள். வெளி உடம்பு விரிந்தால் போதும், தொட முடியாத சூடு வந்தாலே வேலை ஆகும்.

தாடை நகரத் தொடங்கியதும் உற்சாகத்தில் ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். சில மாடல்களில் வாலில் ஸ்ப்ளிட் பின்னோ தடுப்பு வாஷரோ இருக்கும், முதலில் அதை எடுக்க வேண்டும். சிலவற்றில் ஒன்றுமே இருக்காது, சறுக்குக்கட்டை நேராக வெளியே வந்து காலில் விழும். 5 அங்குல வைஸில் அந்த ஒரு பாகமே நல்ல கனம். கீழே மரக்கட்டை அடுக்கி வைத்துவிட்டு இழுங்கள்.

திருகு அசையும் தாடையோடு சேர்ந்துதான் வரும். தாடையின் உள்பக்கத்தில் ஒரு வளையமும் பின்னும் அதைப் பிடித்திருக்கும். ஸ்பிரிங், வாஷர் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று போட்டோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள்.

துருவேட்டை

வந்துவிட்டது! நான்காம் நாள் வெந்நீரில் நகர்ந்தது. லீவர் இப்போது ஆடுகிறது, ஆனால் நட் இறங்கியபடியே நிற்கிறது, மேலே வருவதில்லை. கையால் தூக்கிவிட்டு இறுக்கினால் கொஞ்சம் பிடித்து, பிறகு 'டக்' என்று வழுக்குகிறது. நட் போய்விட்டதா?

பழைய_இரும்பு

அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். இந்த வகையில் "நட் தேய்ந்துவிட்டது" என்று ஒதுக்கப்படுபவற்றில் நிறைய, நட் உட்காரும் குழியில் அடைத்திருக்கும் அழுக்கால் வந்தவை.

உடம்பைக் கவிழ்த்து அந்தக் குழியைப் பாருங்கள். அங்கே கிரீஸ், இரும்புத் தூள், மரத்தூள் மூன்றும் சேர்ந்து, அரக்கு மாதிரி கறுப்பாக, நகத்தால் கீற முடியாத கட்டியாக உறைந்திருக்கும். ஸ்பிரிங் அதற்குள் புதைந்து கிடக்கும். டீசல் அல்லது மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, பித்தளைப் பட்டையாலோ கூராக்கிய மரக்குச்சியாலோ சுரண்டுங்கள், உளி வேண்டாம். நட்டின் பல்லிடுக்கிலும் அதே கட்டி இருக்கும், அதைத் தையல் ஊசி போன்ற ஒன்றால் ஒவ்வொரு பள்ளமாகக் கீறி எடுக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் அரை மி.மீ. அழுக்கு நின்றாலும் பல் முழு ஆழம் உட்காராது, நுனியில் மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கும். அதுதான் உங்கள் 'டக்'.

சுத்தம் செய்த பிறகு நட்டைத் திருகின் வால்பகுதியில் (தேயாத இடத்தில்) கையால் வைத்து அழுத்துங்கள். பல்லும் பள்ளமும் முழுதாகப் பொருந்தி, முன்னும் பின்னும் ஆட்டம் கொஞ்சமாக இருந்தால் நட் நலம், ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுங்கள். இந்தத் திருகுகளின் மரையில் ஒரு முகம் செங்குத்தாக, மறுமுகம் சாய்வாக இருக்கும், பாரம் செங்குத்து முகத்தில்தான். நட்டில் அந்த முகம் உருண்டு சாய்ந்திருந்தால் எவ்வளவு சுத்தம் செய்தாலும் வழுக்கும். அப்போது மாற்று நட் தேட வேண்டும், அல்லது லேத்தில் முழு நட் ஒன்றைப் புது வெண்கலத்தில் கடைந்து பாதியாக அறுக்க வேண்டும். ஒரு நட்டில் இரண்டு பாதி கிடைக்கும், ஒன்றை எடுத்து வையுங்கள்.

சோடாத்தொட்டி

துருவுக்கு: எலக்ட்ரோலிசிஸ், அதாவது சோடா நீரில் மின்சாரம் விட்டுத் துருவை எடுப்பது. உடம்பு மாதிரி பெரிய, மூலைமுடுக்கு நிறைந்த வார்ப்புக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை, பழைய பெயின்ட்டும் பாதி தானாக உரிந்துவிடும்.

பிளாஸ்டிக் தொட்டி, வாஷிங் சோடா லிட்டருக்கு 5 கிராம். சமையல் உப்பு போடவே கூடாது, குளோரின் வாயு வரும். தொட்டியின் நாலு ஓரமும் சாதாரண இரும்புத் துண்டுகள், கட்டடக் கம்பித் துண்டு இருந்தால் அதுவே போதும், எல்லாவற்றையும் ஒயரால் ஒன்றாக இணைத்து பேட்டரி சார்ஜரின் பிளஸ்ஸில் கொடுங்கள். வைஸ் மைனஸில். மாற்றிக் கொடுத்தால் உங்கள் வைஸ்தான் கரையும், கிளிப்பை மாட்டிவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். பிளஸ்ஸில் எவர்சில்வர் வேண்டாம், அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும். துத்தநாகம் பூசியதும் வேண்டாம்.

12 வோல்ட், 2 முதல் 5 ஆம்பியர். அதிகம் ஓடினால் இரும்புத் துண்டைத் தள்ளி வையுங்கள். வைஸும் அந்தத் துண்டுகளும் தொடக்கூடாது. மின்சாரம் நேர்ப்பார்வையில்தான் நன்றாக வேலை செய்யும், அதனால் நடுவில் ஒரு தடவை வைஸைத் திருப்பி வையுங்கள். 12 மணி நேரத்தில் வித்தியாசம் தெரியும், மோசமான துருவுக்கு ஒரு நாள். மேலே வரும் குமிழிகளில் ஹைட்ரஜன் இருக்கிறது, திறந்த இடத்தில் வையுங்கள், பீடி சிகரெட் பக்கத்தில் ஆகாது. சார்ஜரை அணைத்துவிட்டுத்தான் கிளிப்பைக் கழற்ற வேண்டும். பேட்டரி இருக்கிறதா என்று தானாகச் சோதிக்கும் புதுவகை சார்ஜர்கள் இதற்கு ஓடாது, பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் வேண்டும்.

வெளியே எடுத்தால் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கும். வெந்நீரில் ஒயர் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, உடனே ஹீட் கன்னால் உலர்த்தி, உடனே எண்ணெய் துடைக்க வேண்டும். "உடனே" என்று இரண்டு தடவை சொல்வதற்குக் காரணம், பத்து நிமிடம் காற்றில் விட்டால் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்துவிடும்.

காலங்குலம்

உடம்புக்குச் சரி. எல்லாவற்றையும் அதில் போடச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்பிரிங்கும் கடினப்படுத்திய தாடைத் தகடும் அதில் போகக் கூடாது, ஹைட்ரஜன் உள்ளே இறங்கிக் கடினமான எஃகை நொறுங்கும்படி ஆக்கும். வினிகரில் ஊறப்போடுவதற்கும் இதே எச்சரிக்கை, அதோடு வினிகர் துருவைத் தின்றுவிட்டு நல்ல இரும்பையும் தின்னும், இயந்திரத்தில் சீவிய முகங்கள் மங்கிப்போகும். சின்னப் பாகங்களுக்குத் துருவை மட்டும் பிணைத்து இழுக்கும் திரவங்கள் (எவாப்போ-ரஸ்ட் போன்றவை) தான் பாதுகாப்பு. 24 மணி நேரம் முழுதாக மூழ்கியிருக்க வேண்டும். பாதி மூழ்கினால் திரவ மட்டத்தில் ஒரு கோடு அரித்துவிடும், அது போகவே போகாது.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. அந்தப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். ஆங்கிள் கிரைண்டரில் ஒயர் கப் மாட்டிக் காய்ந்தபடி பறக்கவிடாதீர்கள். தொட்டியிலோ பெயின்ட் ரிமூவரிலோ ஊறவைத்து ஈரமாகச் சுரண்டி, சுரண்டலைக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பெயின்ட்டுக்கடியில் சாம்பல் நிறத்தில் பட்டி மாதிரி ஏதாவது உதிர்ந்தால் பதற வேண்டாம். வார்ப்பின் சொரசொரப்பை மறைக்கத் தொழிற்சாலையிலேயே பூசுவது வழக்கம்.

இனி தகடு. உடைந்த ஸ்குரு: நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, இடச்சுற்று டிரில் பிட்டால் துளையுங்கள். பிட் கடிக்கும் திசையும் ஸ்குரு கழலும் திசையும் ஒன்று என்பதால் பாதி வேலையிலேயே துண்டு சுற்றிக்கொண்டு வெளியே வரும். வராவிட்டால் 5/16-க்கு 6.5 மி.மீ. வரை பெரிதாக்கி, மிச்சத்தைக் கொக்கியால் உரித்து, மரை வெட்டும் டேப் ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள். 'ஈசி அவுட்' என்று விற்கும் கூம்புத் திருகியை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். அது கடினமான எஃகு, உள்ளே உடைந்தால் அதைத் துளைக்கச் சாதாரண பிட் எதுவும் உதவாது.

தகடு செய்ய, இருக்கும் தகட்டின் பருமனை அளந்து அதே பருமனில் எடுங்கள். துளைகளின் இடைவெளியை ஸ்கேலில் அளந்தால் அரை மி.மீ. தப்பும். அதே மரையுள்ள இரண்டு ஸ்குருவின் தலையை வெட்டி, முனையைக் கூராக்கித் துளைகளில் போட்டு, கூர் ஒரு மி.மீ. வெளியே நிற்கட்டும். தகட்டை அதன்மேல் சரியாக வைத்து மரச்சுத்தியலால் ஒரு தட்டு. இரண்டு மையமும் தானே பதிந்துவிடும். ஸ்குரு தலை தகட்டின் முகத்துக்கு அரை மி.மீ. உள்ளே இறங்கும்படி துளையின் வாயை விரித்து கவுண்டர்சிங்க் செய்யுங்கள்.

உலோகம்: இஎன்8 போன்ற நடுத்தரக் கார்பன் எஃகு, கடினப்படுத்தாமல். ஓ1 டூல் ஸ்டீலில் செய்து 800 டிகிரியில் சூடாக்கி எண்ணெயில் தோய்த்து, பிறகு 230 டிகிரியில் பதப்படுத்தினால் அரம் ஏறாத தகடு கிடைக்கும், ஆனால் நீளமான மெல்லிய துண்டு, வளையும். வளைந்த தகட்டை ஸ்குரு போட்டு இழுத்தால் நடுவில் விரியும். சர்ஃபேஸ் கிரைண்டர் (முகத்தைத் தட்டையாகச் சாணைபிடிக்கும் இயந்திரம்) வசதி இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

புதுஅரம்

திரியை இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் உள்ளது சாதாரண நட் வைத்த 4 அங்குல வைஸ். கைப்பிடியை எதிர்த்திசையில் அரைச் சுற்று சுற்றிய பிறகுதான் தாடை நகர்கிறது. அசையாத் தாடையின் அடிமூலையில் ஒரு அங்குல நீளத்துக்கு விரிசலும் இருக்கிறது. ஆர்க் வெல்டிங் வைக்கலாமா?

பழைய_இரும்பு

ஆட்டத்தை முதலில் பார்ப்போம். அரைச் சுற்று அதிகம்தான், ஆனால் அத்தனையும் நட் தேய்மானம் அல்ல. திருகின் கழுத்து வளையத்துக்கும் தாடைக்கும் நடுவே உள்ள இடைவெளியும் அதில் சேரும். கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள், கழுத்து எவ்வளவு நகர்கிறதோ அந்தப் பருமனுக்கு ஒரு வாஷர் போட்டால் அந்தப் பங்கு போய்விடும். மிச்சம்தான் நட்.

விரிசல் விஷயத்தில், சாதாரண மைல்ட் ஸ்டீல் ராடால் பற்றவைக்காதீர்கள். வெல்டை ஒட்டிய வார்ப்பு கண்ணாடிபோல் கடினமாகி, ஆறும்போதே பக்கத்தில் புது விரிசல் ஓடும், சில நேரம் 'டிங்' என்று காதில் கேட்கும். செய்வதானால்: விரிசலின் இரண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, வி வடிவில் சீவி, எண்ணெயெல்லாம் எரிந்து போகும்படி உடம்பு முழுவதையும் 250 டிகிரிக்குக் குறையாமல் சூடாக்கி, நிக்கல் ராடால் ஓர் அங்குலத்துக்கு மேல் போகாத சின்னச் சின்ன வெல்டாக வைத்து, ஒவ்வொன்றையும் சூடாக இருக்கும்போதே சுத்தியலால் லேசாகத் தட்டி, முடிந்ததும் உலர்ந்த சாம்பலிலோ சுண்ணாம்பிலோ புதைத்து மறுநாள் வரை ஆறவிட வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் அடிமூலை விரிசல் என்பது நான் மேலே 'விட்டுவிடுங்கள்' என்று சொன்ன இடம். மரம் பிடிக்க, அரம் போட, சின்ன வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழு பலத்தோடு இறுக்கி இரும்பு வளைக்க அதை நம்பாதீர்கள்.

துருவேட்டை

குழியில் நீங்கள் சொன்ன அரக்குக் கட்டி அப்படியே இருந்தது, கைநிறைய வந்தது. நட் முழுதாக உட்காருகிறது, ஸ்பிரிங்தான் பாதி துருவில் கரைந்திருந்தது, மாற்றிவிட்டேன். தொட்டியும் முடிந்தது. பெயின்ட் அடிக்க வேண்டுமா, எண்ணெய் மட்டும் போதுமா? எந்தக் கலர்?

சோடாத்தொட்டி

பயன்படுத்தும் வைஸுக்குப் பெயின்ட் அடியுங்கள். வியர்வைக் கை படும் இடமெல்லாம் வெறும் வார்ப்பு துருவேறும். ரெக்கார்டு நீலத்துக்கு நெருக்கம் என்று பலரும் எடுப்பது பிரிட்டிஷ் கலர் அட்டையின் ரவுண்டல் புளூ, பிஎஸ் 381சி எண் 110. அசிட்டோனில் துடைத்து, ஒரு கோட் துருத் தடுப்பு பிரைமர், இரண்டு கோட் எனாமல். எனாமலைக் கடினமாக்கும் ஹார்டனர் கலந்தால் எண்ணெய் பட்டு ஊறாது. ஒரு வாரம் முழுதாகக் காய விடுங்கள், தொட்டால் ஒட்டவில்லை என்பதும் காய்ந்துவிட்டது என்பதும் வேறு வேறு.

காலங்குலம்

கலரைவிட எங்கே அடிக்கக் கூடாது என்பது முக்கியம். சறுக்குக்கட்டையின் நாலு முகம், அது ஓடும் வாய், தகடு உட்காரும் முகம், சுழல் அடித்தட்டு இருந்தால் அதன் இரண்டு வட்ட முகம், இங்கெல்லாம் டேப் ஒட்டி மறையுங்கள். சறுக்கில் பெயின்ட் ஏறினால் தாடை இறுகும். தகட்டுக்குப் பின்னால் ஏறினால் முதல் இறுக்கலில் பெயின்ட் நசுங்கி ஸ்குரு லூஸாகும்.

சீவிய முகங்களை எமரி போட்டுப் பளபளப்பாக்குவதும் வேண்டாம். ஸ்காட்ச் பிரைட் நாரும் எண்ணெயும் போதும். சறுக்கில் நீங்கள் தேய்த்து எடுப்பதெல்லாம் தாடை ஆடுவதற்கான இடைவெளியாகத்தான் திரும்பி வரும்.

மாட்டியபின் தாடையின் மேல்விளிம்பில் ஒரு தாள் துண்டு, கீழே ஒரு தாள் துண்டு வைத்து மெதுவாக மூடுங்கள். மேல் தாள் முதலில் பிடிபட வேண்டும். இறுக்க இறுக்கத் தாடைகள் கொஞ்சம் வெளியே விரிந்து, அப்போதுதான் முழு முகமும் சேரும். கீழ்த் தாள் முதலில் பிடிபட்டால் புதுத் தகட்டுக்குப் பின்னால் பிசிறோ அழுக்கோ இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.

பழைய_இரும்பு

கிரீஸ் திருகின் மரையிலும் கழுத்து வளையத்திலும் மட்டும், அதுவும் மெலிதாக. சறுக்குக்கட்டைக்கு லேசான எண்ணெய் துடைப்பு அல்லது மெழுகு. நட் குழியில் கிரீஸ் அப்பினால் இரண்டு வருடத்தில் அதே கட்டி மறுபடி உருவாகும்.

மேசையில் மாட்டும்போது அசையாத் தாடையின் முகம் மேசை விளிம்பைவிடக் கொஞ்சமாவது வெளியே நிற்க வேண்டும், நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடித்தால் அது மேசையில் இடிக்காமல் கீழே தொங்குவதற்காக. உயரம், நின்றபடி கையை மடக்கினால் தாடையின் மேல்விளிம்பு முழங்கை மட்டத்துக்கு. மரத்தில் முறுக்கும் ஸ்குரு வேண்டாம், மேசையைத் துளைத்துப் போகும் போல்ட், அடியில் பெரிய தடித்த வாஷர். அடித்தட்டின் காதுகளுக்கடியில் மேசை சமமாக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பள்ளம் இருந்தால் அங்கே தகரத் துண்டு கொடுத்துவிட்டு இறுக்குங்கள், இல்லையென்றால் போல்ட்டே காதை உடைத்துவிடும்.